30 மீட்டரும் 10 பேர்ச்சும்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் பணியாற்றும் வைத்திய அதிகாரி. எங்கள் பகுதியின் கிணற்று நீர், குப்பை, நெல் ஆலைப் புகை, நெசவுச் சாயக் கழிவு ஆகியவை குறித்துச் சுகாதாரப் பணிமனைக்கு ஆலோசனை சொல்ல ஒரு நிபுணர் குழுவை அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று மாத அவகாசம். ஏழு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றும் அதற்குள் கைக்கு வந்துவிட்டது. ஐந்து பேர் கொழும்பிலும் பேராதனையிலும் உள்ள பேராசிரியர்கள். ஒருவர் போத்தல் தண்ணீர் விற்கும் கம்பனிக்கு ஆலோசகர். மற்றவர் யாருக்கு உறவு என்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தொழில் பழக்கிய, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரின் பெயரை நான் சொன்னபோது, “அவரும் நிபுணரா?” என்று சிரித்தார்கள். யாரை எடுப்பது, பெரியவர்களிடம் எப்படி ‘இல்லை’ என்பது என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.
வைத்திய அதிகாரி, கல்முனைக்குத் தெற்கே

பதில்:

அன்பின் மகள்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏழு பெயர்கள் இருக்கின்றன. அந்த ஏழு பேரிடமும் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதுதான் எங்கும் இல்லை. கிணற்று நீர், குப்பை, புகை, சாயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை நான்கு பிரச்சினைகளின் தலைப்புகள். தலைப்பைக் கொடுத்து ஆலோசனை கேட்டால் நிபுணர்கள் விரிவுரைதான் நிகழ்த்துவார்கள். 33 ஆண்டுச் சேவையில் அப்படிப்பட்ட கூட்டங்களில் எத்தனையோ நாட்களைச் செலவழித்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றியுரை, அடுத்த மாதம் கூட்டக் குறிப்பு, அதற்கடுத்த மாதம் அந்தக் குறிப்பையும் காணோம்.

ஆகவே பெயர்ப் பட்டியலை மேசை லாச்சிக்குள் வையுங்கள். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். நான்கில் கிணற்றை முதலில் எடுங்கள் என்பேன். உங்கள் பகுதியில் அதுதான் எல்லா வீட்டையும் தொடுகிறது, அளந்து பார்க்கவும் முடிகிறது.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். இடர்காலப் பணியாளர்கள் பயன்படுத்தும் ஸ்பியர் கைநூலைத் திறந்தால், மலக்குழி நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்று சொல்லும். நல்ல விதிதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதில் 10 பேர்ச் வளவு ஒன்றுக்குப் போங்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர். 10 பேர்ச் ஏறக்குறைய 253 சதுர மீட்டர். வளவு சரியான சதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் 16 மீட்டரை எட்டாது. மூலைக்கு மூலை கயிறு பிடித்தாலும் 22½ மீட்டர்தான் வரும். 30 மீட்டருக்கு அந்த வளவில் இடமே இல்லை. இதில் மதிலுக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டாரின் குழி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாரியில் நீர்மட்டம் மணலின் மேற்பரப்பை நெருங்கிவிடும்போது அந்த 1.5 மீட்டரும் போய்விடுகிறது.

இப்போது கேள்வியை எழுதலாம்: “30 மீட்டர் இடைவெளிக்கு வழியில்லாத, 10 பேர்ச்சும் அதற்குக் குறைவுமான மணல் வளவுகளில், குடிக்கும் கிணற்றை மலக்குழியிலிருந்து காப்பாற்ற, அடுத்த மாரிக்கு முன்னர் சுகாதாரப் பணிமனை என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யும்படி யாரிடம் கோர வேண்டும்?” இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஏழு பெயர்களைத் திரும்பப் பாருங்கள். யார் தேவை, யார் தேவையில்லை என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

உங்கள் பரிசோதகர் ஐயாவைப் பார்த்துச் சிரித்தார்களே, அதற்கு வருகிறேன். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அதனால் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்களை இழந்தது. உயிர் தப்பியவர்களின் கிணறுகளுக்குள் கடல்நீரும் சேறும் நிறைந்து கிடந்தன. உதவிக் குழுக்கள் நீர்ப்பம்பிகளுடன் வந்தன. கிணற்றை இறை, குளோரின் போடு, அடுத்த கிணற்றுக்குப் போ என்பதுதான் வேலைத்திட்டம். அவசரத்தில் பிழை சொல்ல முடியாது. மக்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

2005இன் தொடக்கத்தில் பெரிய கல்லாற்றுக்கும் மருதமுனைக்கும் இடையில் ஒரு வளவில் நின்றுகொண்டிருந்தேன். வீடு இல்லை, அத்திவாரம்தான் மிச்சம். கிணறு மட்டும் கட்டுக் குலையாமல் இருந்தது. முந்திய வாரம் இரண்டு தடவை இறைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் தடவையாகப் பம்பி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுடன் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நீரில் உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் கருவியை ஒவ்வொரு வாளித் தண்ணீரிலும் வைத்து எண்ணைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். இறைக்க இறைக்க எண் குறைய வேண்டும். அது ஏறிக்கொண்டு போனது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெத்தாச்சி வந்தார். “மகன், அடித் தண்ணீரைக் கிளறாதீர்கள். மேலே நிற்கிற தண்ணீரை மெல்ல அள்ளுங்கள். நாங்கள் ஆவணியிலும் அப்படித்தான் அள்ளுகிறோம்” என்றார். வாளிக் கயிற்றைக் கையில் சுருட்டி, எவ்வளவு நீளம் விட வேண்டும் என்றும் காட்டினார். பரிசோதகர் உடனே பம்பியை நிறுத்தச் சொன்னார். கூட வந்த உத்தியோகத்தர்கள் முகம் சுளித்தார்கள். அவரோ பெத்தாச்சி சொன்னதையும் எண்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

பெத்தாச்சி சொன்னதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள நமது மணல் திடலில், மழைநீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் சற்று இலேசானது என்பதால்தான் அது நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீரை அது அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. அதைத் திருப்பியும் படிக்க வேண்டும். மேலே கொஞ்சம் குறைத்தால் கீழிருந்து உவர் பல மடங்கு உயரும். பம்பியால் உறிஞ்சும்போது அதுதான் நடக்கிறது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பின்னர் கிழக்குக் கரையின் கிணறுகளைத் தொடர்ந்து அளந்தார்கள். உப்பைக் கழுவிக் கொண்டுபோனது பெரும்பாலும் மழைதான், அளவுக்கு மீறி இறைப்பது உவரை மேலே இழுக்கும் என்பதே அந்த அளவீடுகளும் சொன்ன பாடம்.

அந்த வளவில் மூன்று வகை அறிவு இருந்தது. கிணற்றோடு வாழ்ந்தவருடையது, அளந்து எழுதியவருடையது, ஏன் என்று பின்னர் விளக்கியவர்களுடையது. மூன்றாவது வகையை மட்டும் கொழும்பிலிருந்து அழைத்திருந்தால் அது வந்துசேரும் முன்னர் கிணறு உவராகியிருக்கும். முதல் இரண்டு வகை மட்டும் இருந்திருந்தால், அடுத்த கிணற்றுக்கு என்ன செய்வது என்பதை யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் அமைக்கும் குழுவில் இந்த மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பரிசோதகருக்கு வாசற்படியில் ஒரு கதிரை போதாது.

“அவரும் நிபுணரா?” என்று கேட்பவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டியது உங்கள் பரிசோதகர் ஐயாவுடைய குறிப்புப் புத்தகங்களை. இலங்கையில் பொதுச் சுகாதாரப் பணி வீடு வீடாகப் போய் எழுதிவைப்பதில் வளர்ந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கியபோதே அதுதான் வழிமுறை. எந்தத் தெருவில் எந்த மாதம் வயிற்றோட்டம் வந்தது, எந்த வருடம் எந்தக் கிணறு உவரானது என்று 20, 30 வருடங்கள் எழுதிய ஒருவரிடம் இருப்பதை எந்த ஆய்வுகூடத்திலும் வாங்க முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். அவர் உங்கள் ஆசான். அந்த அன்பும் ஒரு சார்புதான். ஆகவே அவருடைய விண்ணப்பத்துக்கு நீங்கள் புள்ளி போடாதீர்கள். தெரிவு செய்யும் இன்னும் இருவரிடம் விட்டுவிட்டு, ‘இவர் எனக்குத் தொழில் கற்பித்தவர்’ என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். அவர் தகுதியால் உள்ளே வர வேண்டும். அப்போதுதான் உள்ளே வந்த பிறகு அவர் வாயைத் திறக்கும்போது மற்றவர்கள் கேட்பார்கள்.

பேராசிரியர் ஐவரைப் பற்றி. ஐவரும் என்ன துறை என்று நீங்கள் எழுதவில்லை. ஐவரும் ஒரே துறையென்றால் அது ஒரே ஆள் ஐந்து கதிரையில் உட்கார்ந்திருப்பது போலத்தான். பங்களாதேஷில் 1970களிலிருந்து குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றோட்டத்தில் இறப்பதைத் தடுக்க ஆழமற்ற குழாய்க் கிணறுகளைத் தோண்டினார்கள். கிருமிகளைப் பற்றிய சிந்தனை சரிதான். அடியில் உள்ள படிவுகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க அந்த மேசையில் ஆள் இல்லை. அந்நாட்டில் 1993இல் அது வெளிப்பட்டபோது கோடிக்கணக்கானவர்கள் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஒரு துறை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு நிலத்தடி நீரியலாளர் ஒருவர் கட்டாயம். நுண்ணுயிரியலாளர், நீர் வேதியியல் தெரிந்தவர், குறைந்த செலவில் மலக்குழி வடிவமைக்கத் தெரிந்த பொறியியலாளர், நோய்ப்பரவல் ஆய்வில் தேர்ந்த சமுதாய மருத்துவ நிபுணர் ஆகியோரும் வேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கும்போது எல்லோரையும் மலைநாட்டிலிருந்தும் தலைநகரிலிருந்தும் அழைக்க வேண்டியதில்லை. மாதிரி எடுத்த அன்றே ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வேலை இது. தூரம் ஒரு தொழில்நுட்பக் கேள்வி.

குடும்ப சுகாதார உத்தியோகத்தர், அதாவது வீடு வீடாகப் போகும் மருத்துவ மாது, ஒருவரையும் சேருங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பசளை அதிகம் இடும் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் நைத்திரேற்றை அளக்கத்தான் வேண்டும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லை முதலில் யாருக்காக வந்தது? புட்டிப் பால் குடிக்கும் கைக்குழந்தைக்காக. நைத்திரேற்று கூடிய நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். எந்த வீட்டில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் புட்டி, எந்தக் கிணற்று நீரில் அந்தப் பால் என்பது உங்கள் பிராந்தியத்தில் அந்த மாதுக்கு மட்டும்தான் தெரியும்.

இனிப் போத்தல் தண்ணீர்க் கம்பனியின் ஆலோசகர். நீங்கள் தயங்குவது புரிகிறது. ‘உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம்’ என்று அவரிடம் சொல்ல வேண்டுமோ என்று அஞ்சுகிறீர்கள். அப்படிச் சொல்லவே வேண்டாம். நேர்மையான மனிதரைக்கூட உட்கார்ந்திருக்கும் கதிரை கட்டிப்போட்டுவிடும்.

ஜப்பானின் மினமாட்டாவில் நடந்தது இது. 1956 மே 1ஆம் திகதி, இரசாயனத் தொழிற்சாலையின் சொந்த வைத்தியசாலைப் பணிப்பாளர் டொக்டர் ஹஜிமே ஹொசொக்கவா, பெயர் தெரியாத நரம்பு நோய் பரவுகிறது என்று சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். விரிகுடாவின் மீனைத் தின்ற மீனவக் குடும்பங்கள்தான் விழுந்துகொண்டிருந்தன. அவர் அதோடு நிற்கவில்லை. தொழிற்சாலைக் கழிவுநீரை உணவோடு கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1959 ஒக்டோபரில் 400ஆம் இலக்கப் பூனைக்கு அதே நடுக்கம், அதே வலிப்பு. விடை கையில் கிடைத்துவிட்டது. நிர்வாகம் பரிசோதனையை நிறுத்தச் சொன்னது. முடிவு வெளியே போகவில்லை. அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல். 1970இல், புற்றுநோயோடு மரணப் படுக்கையில் கிடந்தபடி, அவர் நீதிமன்றத்துக்குச் சாட்சியம் அளித்தார்.

ஹொசொக்கவா கெட்டவர் என்று யாராவது சொல்வார்களா? முதலில் அறிவித்தவரே அவர்தான். உண்மையைக் கண்டவரும் அவர்தான். அதை வெளியே சொல்லும் சுதந்திரம் மட்டும் அவரிடம் இருக்கவில்லை. வாவி மீனைத் தின்று வளர்ந்த நமக்கு இந்தக் கதை வேறு ஊரின் கதையாகத் தோன்றக் கூடாது.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆலோசனைக் குழுக்களுக்கு நிபுணர்களை எடுக்கும்போது எல்லோரிடமும் நலன் வெளிப்படுத்தல் படிவத்தை முன்கூட்டியே வாங்குகிறது. குழுவின் விடயத்தோடு தொடர்புள்ள கம்பனிகளிடமிருந்து கடந்த நான்கு ஆண்டுகளில் பெற்ற சம்பளம், ஆலோசனைக் கட்டணம், ஆய்வு நிதி எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் நிறுவனத்தின் பிரதிநிதியாக இல்லாமல் தனிப்பட்ட தகுதியில் அமர்கிறார்கள். அவர்களுடைய பெயரையும் சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பையும் கூட்டத்துக்கு முன்னர் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல இடம் விடுகிறார்கள். நீங்கள் இதை நான்கு பக்கத் தமிழ்ப் படிவமாக்கி, பேராசிரியர் முதல் பரிசோதகர் வரை அனைவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். நானே அழைக்கப்பட்டாலும் நிரப்புவேன்.

படிவம் வந்த பிறகு ஆலோசகரிடம் சொல்ல வேண்டியதைப் படிவமே சொல்லிவிடும். அவரை முற்றாகத் தள்ளவும் வேண்டாம். நிலத்தடி நீரை எடுத்துச் சுத்திகரிக்கும் தொழிலில் அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தேவைப்படலாம். லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நலன் முரண்பாடு உள்ள, ஆனால் அறிவு தேவைப்படும் ஒருவரை ‘அழைக்கப்பட்ட நிபுணர்’ என்று கூட்டத்தில் வைப்பார்கள். தெரிந்ததைச் சொல்லலாம். தலைமை தாங்கவோ, முடிவை எழுதவோ, மதிப்பீட்டில் பங்கெடுக்கவோ முடியாது. அதைப் பின்பற்றுங்கள். உறவினர் என்று எழுதிய அந்த ஏழாமவருக்கும் அதே படிவம், அதே புள்ளித் திட்டம். உறவு என்பதற்காக எடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

இதே படிவத்தைக் கொண்டு உங்களை மடக்கவும் முயல்வார்கள். ‘அமைச்சிடம் ஆய்வு நிதி பெற்ற பேராசிரியரும் சார்புடையவர்தானே?’ என்பார்கள். 2017இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் தலைமை இதையே விதியாக்கியது. அந்த முகவரகத்தின் ஆய்வு நிதி பெறும் விஞ்ஞானிகள் அதன் ஆலோசனைக் குழுக்களில் இருக்கக் கூடாது என்றது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். 2020இல் நீதிமன்றம் அந்த விதியை இல்லாமல் செய்தது. போட்டியிட்டு, சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டில் கிடைத்த பொது நிதியும், முடிவு எப்படி வருகிறது என்பதில் இலாப நட்டம் உள்ளவரின் பணமும் ஒன்றல்ல. அதே நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆலோசனைக் குழுவில் பார்வைகள் நியாயமாகச் சமநிலைப்பட வேண்டும், கூட்டங்கள் திறந்தவையாக இருக்க வேண்டும், குழுவின் சாசனம் இரண்டு ஆண்டில் புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகும் என்கிறது. கடைசி விடயத்தை நீங்களும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முடிவுத் திகதி இல்லாத குழு பதவிப் பலகையாக மாறிவிடும்.

அழைப்பைப் பத்திரிகையில் போடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். அம்பாறை மாவட்டத்தின் தண்ணீர் சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்திலிருந்து வயல்கள் வழியாகக் கரைக்கு வருகிறது. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே மொழி பேசுவதில்லை, ஆனால் ஒருவர் விட்ட நீர் மற்றவரிடம் வந்துசேர்கிறது. மூன்று சமூகத்தவரும் குழுவில் இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் நடத்தினால் உங்கள் மாதுவும் பரிசோதகரும் வாய் திறக்க மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் இரண்டு பக்கத் தகுதிக் குறிப்பு போதும். 40 பக்கக் கட்டுரைப் பட்டியலை யாரும் படிக்கப் போவதில்லை. அதற்குப் பதில் இரண்டு கேள்விகளுக்கு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். நமது கரையோர மணல் நிலத்திலோ அதைப் போன்ற இடத்திலோ நீங்கள் நேரடியாகச் செய்த வேலை என்ன? நீங்கள் கொடுத்த ஆலோசனை பிழைத்துப்போன ஒரு சந்தர்ப்பத்தில் பின்னர் என்ன செய்தீர்கள்? இரண்டாவது கேள்வியைக் கண்டு கோபப்படுபவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள். அதில் உங்களுக்கு நட்டம் இல்லை. பெரியவர்களுக்கு ‘இல்லை’ சொல்லும் சங்கடத்தின் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

அரச சேவையில் உள்ளவர்களை அவர்களுடைய திணைக்களத் தலைவர் ஊடாக அழையுங்கள். தாபன விதிக்கோவையின்படி அனுமதி வேண்டும். அது இல்லாமல் வந்தவர் இரண்டாம் கூட்டத்துக்கு வரமுடியாமல் போனதை நான் கண்டிருக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசுங்கள். பேராசிரியருக்கு வாகனமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்துவிட்டு, ஓய்வூதியத்தில் வாழும் பரிசோதகரைச் சொந்தச் செலவில் பஸ்ஸில் வரச்சொல்வது எங்கள் பணிமனைகளின் பழைய வழக்கம். எனக்கு அது வலிக்கும். எல்லோருக்கும் ஒரே அமர்வுக் கொடுப்பனவு, எல்லோருக்கும் போக்குவரத்துச் செலவு. ஆய்வுகூடக் கட்டணத்தை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள். மாதிரி பரிசோதிக்கப் பணமில்லாத குழு அபிப்பிராயத்தைத்தான் சொல்லும்.

குழுவின் அறிக்கை பொதுமக்களின் கைக்குப் போக வேண்டும், மாற்றுக் கருத்து இருந்தால் அதுவும் அதே அறிக்கைக்குள் அச்சாக வேண்டும். பணிமனை 60 நாட்களுக்குள் எதை ஏற்கிறது, எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் நியமனக் கடிதத்திலேயே எழுதி, மேலதிகாரியின் கையொப்பம் வாங்குங்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் மின்நிலையத்தின் எண்ணெய் கலந்தது என்று மக்கள் தெருவில் இறங்கியபோது வட மாகாண சபையும் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. ஆனாலும் விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பு வந்த பிறகுதான் பாதிக்கப்பட்டவர்களின் முறைப்பாட்டுக்கு ஒரு மதிப்புக் கிடைத்தது. குழு ஒன்று இருந்தது என்பதற்காக மக்கள் நம்பிவிட மாட்டார்கள். எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்பதைத் தங்கள் மொழியில் படிக்கக் கிடைத்தால் நம்புவதற்கு வாய்ப்பு உண்டு.

முதற் கூட்டத்தைக் குளிரூட்டிய மண்டபத்தில் வைக்காதீர்கள். செப்டெம்பர் கடைசியில், கிணறுகள் மிகவும் தாழ்ந்து உவர் ஏறி நிற்கும் நேரத்தில், ஒரு வீட்டு வளவில் வையுங்கள். பாய் விரித்துக் கதிரை போட்டால் போதும். வீட்டுக்காரர் கிணற்றைப் பற்றி முதலில் பேசட்டும். அன்றே மாதிரி எடுங்கள். ஜனவரியில், மாரியின் நடுவில், அதே கிணறுகளில் மீண்டும் எடுங்கள். வரட்சியில் உவரும் மாரியில் மலக்கிருமியும் என்று இரண்டு முகம் நமது கிணற்றுக்கு. ஒன்றை மட்டும் பார்த்த குழு தப்பான அறிவுரை சொல்லும்.

மூன்று மாதம் குறைவுதான். முதல் வாரம் கேள்வி, மூன்று வாரம் விளம்பரம், இரண்டு வாரம் படிவமும் தெரிவும், மிச்சம் அனுமதிக் கடிதங்களுக்கு. புகை, குப்பை, சாயம் மூன்றையும் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருதமுனைத் தறிகளின் சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்பது நெசவாளர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய தனி வேலை, அதற்கு வேறு ஆட்கள் வேண்டும். கிணற்றுக் குழு ஒழுங்காக நடந்தால் அடுத்ததைக் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

இரண்டு வரிக் கேள்வியை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னர் பரிசோதகர் ஐயாவையும் கூட்டிக்கொண்டு ஒரு 10 பேர்ச் வளவுக்குப் போய், கிணற்றடியிலிருந்து குழி வரைக்கும், மதிலுக்கு அந்தப் பக்கக் குழி வரைக்கும் கயிறு பிடித்து அளந்து, அந்த இரண்டு எண்ணையும் கேள்விக்குக் கீழே எழுதிவிடுங்கள்.